தனியாக இருக்கும் முயலுக்கு விளையாட என்ன கொடுக்கலாம்?

முயல் வளர்ப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஜோடியாக இருந்ததில் ஆண் முயல் போன மாதம் இறந்துவிட்டது, இப்போது மூன்று வயதுப் பெண் முயல் மட்டும்தான். நானும் கணவரும் வேலை முடிந்து வந்து பார்த்தால் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், மேலுதட்டு ஓரம் முடி உதிர்ந்து சிவந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும், கடிக்க ஏதாவது வேண்டும் என்று மல்பெரிக் குச்சி போட்டேன், பட்டையை மட்டும் நீளநீளமாக உரித்துத் தின்றுவிட்டுக் குச்சியைத் தள்ளிவிட்டாள். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயில் காய்ந்த அருகம்புல்லைத் திணித்து, நடுவில் இரண்டு கொத்தமல்லிக் காம்பு ஒளித்து வைத்தால் அரை மணி நேரம் உருட்டி உருட்டித் தேடுகிறாள். இதுவரை சரியாக வந்தது அது ஒன்றுதான். பிளாஸ்டிக் பந்தைக் கடித்து விழுங்கிவிடுவாளோ என்று நானே எடுத்துவிட்டேன்.

நாரோடு தேங்காய் மட்டை கொடுக்கலாமா, நார் வயிற்றில் அடைக்குமா? தோண்டுவதற்கு மண் தொட்டி வைத்தவர்கள் ஃபிளாட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், கருத்தடை செய்த ஆண் முயலைத் துணைக்குக் கொண்டுவந்து பழக்கியவர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.