பிரிட்டனில் ‘சர்ஜரி’ என்று செய்தி வந்தால் பதற வேண்டாம்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ஒன்று உண்டு. என் மனைவி இங்கு வந்த மூன்றாம் வாரத்தில், வழக்கமான ரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டார். மறுநாள் நான் வேலையில் இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து, “எனக்கு சர்ஜரியாம்ங்க, உடனே கூப்பிடச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு” என்றார். குரல் நடுங்கியது. “பரிசோதனை முடிவு குறித்து சர்ஜரியைத் தொடர்புகொள்ளவும்” என்பதுதான் அந்தச் செய்தி. அழைத்துக் கேட்டபோது, இரும்புச்சத்து சற்றுக் குறைவாக இருக்கிறது, மாத்திரை எழுதியிருக்கிறோம் என்றார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

தமிழ்நாட்டில் சர்ஜரி என்றால் ஆபரேஷன். இலங்கைத் தமிழர் சத்திரசிகிச்சை என்பர். பிரிட்டனிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தை, அதாவது நாம் கிளினிக் என்று சொல்வதை. பல் மருத்துவரின் இடமும் கால்நடை மருத்துவரின் இடமும் கூட சர்ஜரிதான். இடம் மட்டுமன்றி, மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்கும் இதே பெயர் உண்டு; ‘ஈவினிங் சர்ஜரி’ என்பது மாலையில் அவர் நோயாளிகளைப் பார்க்கும் வேளை.

எந்தப் பொருள் என்று அறிய, சொல்லுக்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். ‘த சர்ஜரி’, ‘யுவர் சர்ஜரி’, ‘அட் த சர்ஜரி’ என்று வந்தால் அது பெரும்பாலும் கிளினிக். முன்னால் எதுவும் இல்லாமல் ‘ஹேவிங் சர்ஜரி’, ‘நீட்ஸ் சர்ஜரி’ என்று வந்தால் அது அறுவை சிகிச்சை. தமிழில் ‘த’ போன்ற முன்சொல் இல்லாததால் நம் காது அந்தச் சிறிய ‘த’வைத் தவறவிட்டுவிடுகிறது, குழப்பத்தின் வேர் இதுவே என்று நான் நினைக்கிறேன். அறுவை சிகிச்சையை இங்குள்ளவர்கள் பேச்சில் பெரும்பாலும் ‘ஆபரேஷன்’ என்றே சொல்வதால், உங்கள் பழைய மருத்துவ வரலாற்றைச் சொல்லும்போது நீங்களும் அதையே பயன்படுத்துங்கள். அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மருத்துவரைப் பார்க்கும் இடம் ‘டாக்டர்ஸ் ஆபீஸ்’.

உண்மையிலேயே அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டால், கடிதத்தில் நிபுணரின் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இல்லாமல் ‘மிஸ்டர்’ அல்லது ‘மிஸ்’ என்று இருக்கக்கூடும். அவர் மருத்துவர் அல்லர் என்று எண்ணிவிடாதீர்கள். முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை லண்டனில் ஒரே சங்கமாக இருந்த காலத்து வழக்கம் அது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் மட்டுமே அன்று டாக்டர் என்று அழைக்கப்பட்டனர்.

இங்கிலாந்தில் சர்ஜரியில் பதிவு செய்துகொள்ள முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை. உடல்நலம் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். உடன் வந்திருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை அன்புகூர்ந்து தவிர்த்துவிடுங்கள். தாயின் நோயைத் தாயிடமே எடுத்துச் சொல்லும் சுமை ஒரு குழந்தைக்கு வேண்டாம்.

இன்னொரு சர்ஜரியும் இருக்கிறது. அதற்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் நேரத்தையும் இங்கே சர்ஜரி என்கிறார்கள். 2021 அக்டோபர் 15 அன்று டேவிட் ஏமஸ் என்ற உறுப்பினர் லீ-ஆன்-ஸீ நகரில் கொலையுண்டது இத்தகைய சர்ஜரியில்தான். பாதுகாப்புக் கருதிப் பல உறுப்பினர்கள் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே சந்திக்கிறார்கள். விசா முடிவு மாதக்கணக்கில் தாமதமானாலோ குடியிருக்கும் வீடு பற்றிய பிரச்சினையில் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் பதில் தராவிட்டாலோ உங்கள் தொகுதி உறுப்பினரிடம் தயங்காமல் நேரம் கேளுங்கள். குடியுரிமை இல்லையே என்று ஒதுங்க வேண்டியதில்லை. அவருடைய தொகுதியில் வசித்தாலே போதும். கேட்டு எழுதும்போது முழு முகவரியையும் போஸ்ட்கோடையும் தவறாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் அவரது அலுவலகம் முதலில் சரிபார்ப்பது அதைத்தான்.