மறு: உள்ளுக்குள்ளேயே சார்ஜர் வைத்த கேமரா பேட்டரிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் போகுமுன் பொருள் எதுவென்று ஒருமித்துக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல் தேடுகிறோமோ என்று தோன்றுகிறது.

நாம் பேசுவது இதைத்தான்: கேமராவைச் செய்த நிறுவனம் அல்லாமல் வேறொரு நிறுவனம் செய்து விற்கும் பேட்டரி. அளவும் தொடுமுனைகளும் அசல் பேட்டரியைப் போலவே இருக்கும், கேமராவின் பேட்டரி அறைக்குள் அப்படியே பொருந்தும். பக்கத்திலோ அடியிலோ ஒரு டைப்-சி துளை இருக்கும். போனுக்குப் போடும் கேபிளை அதில் செருகினால் சார்ஜ் ஏறும். தொட்டில் போன்ற தனி சார்ஜர் தேவையில்லை.

> யூ.எஸ்.பி. மின்கலம் என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் துளையின் பெயரைப் பொருளுக்கு வைத்தால், துளை மாறும்போது பெயர் பழசாகிவிடும். மினி யூ.எஸ்.பி. துளை போய் மைக்ரோ வந்தது, 2014-இல் டைப்-சிக்கான வரையறை வந்தது, நாளை வேறொன்று வரலாம். அதோடு, அந்தப் பெயர் பொருளில் இல்லாத உறுதியொன்றைத் தருவதுபோல ஆகிவிடும். டைப்-சி துளை இருந்தாலே எந்தக் கேபிளிலும் ஏறும் என்று வாங்குபவர் நினைப்பார். உண்மையில், இருமுனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் மின்சாரம் வரவேண்டுமானால், மின்சாரத்தைப் பெறும் கருவியின் பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை சரியான முனைகளில் இருக்கவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அடாப்டர் மின்னழுத்தத்தைத் திறந்துவிடும். செலவைக் குறைக்க அந்தத் தடையை விட்டுவிட்ட கருவிகள் சந்தையில் உண்டு. அவை ஒருமுனை பழைய தட்டை வடிவமாக உள்ள கேபிளில் ஏறும், இருமுனை சி கேபிளில் உயிரே காட்டாது. பேட்டரி செத்துவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டும் விடுகிறார்கள். ஆக, யூ.எஸ்.பி. என்பது அடைமொழியாக முன்னால் நிற்கட்டும், வேர்ச்சொல்லாக வேண்டாம்.

அப்படியானால் இந்தப் பொருளை மற்றப் பேட்டரிகளிலிருந்து பிரிப்பது எது? அதன் உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களிலும் கண்ணாடி உள்ள எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் பரவலாக உள்ள பேட்டரிகள், எடுத்துக்காட்டாகக் கேனனின் எல்.பி.-இ6 வரிசையும் சோனியின் என்.பி.-எஃப்.இசட்100-உம், 7.2 வோல்ட் கொண்டவை. உள்ளே இரண்டு லித்தியம் அயனிக் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வழக்கமான லித்தியம் அயனிக் கலம் ஒன்று நிறையும்போது 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4. ஆனால் சாதாரண யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ட்தான். ஐந்திலிருந்து எட்டரைக்கு நீர் மேலேறாது என்பதுபோல, மின்னோட்டமும் தானாக மேலேறாது. எனவே பேட்டரிக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஒன்று வேண்டும். அதன்பின் முதலில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்து ஏற்றி, மேல் எல்லையைத் தொட்டதும் மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து அடங்கும்வரை காத்திருக்கும் கட்டுப்பாடும் வேண்டும். சார்ஜர் என்று நாம் சொல்வது இந்த வேலையைச் செய்யும் சுற்றைத்தான். மேசையில் இருந்த அந்தச் சுற்று பேட்டரியின் வயிற்றுக்குள் குடியேறிவிட்டது. இதுதான் இந்தப் பொருளின் தனித்தன்மை.

இதிலிருந்துதான் மற்றெல்லாம் வருகின்றன. அசல் பேட்டரியின் அதே உறை அளவுக்குள் கூடுதலாக ஒரு சுற்றுப்பலகையும் ஒரு துளையும் இடம் கேட்கின்றன. அந்த இடத்தைக் கலங்களோடு பங்கிட்டாக வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்தும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகும். தனி சார்ஜரில் அந்த வெப்பம் சார்ஜரோடு நின்றுவிடும், இங்கே கலங்களுக்குப் பக்கத்திலேயே, மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் தங்கும். லித்தியம் கலத்தை விரைவில் முதுமையாக்குவதில் வெப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஏறும் வேகத்துக்கும் வரம்பு இருக்கிறது. 16.4 வாட்-மணி பேட்டரியை 5 வோல்ட், 2 ஆம்பியரில் ஏற்றினால், இழப்பே இல்லை என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிக் கட்டத்தின் மெதுவான ஏற்றத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். வாங்குபவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கவேண்டும், பெயர் அந்தத் திசையில் ஒரு விரலாவது நீட்டவேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு சிறு எச்சரிக்கை. கேமராக்களுக்கான லித்தியம் பேட்டரிப் பொதிகளில் பொதுவாகக் காப்புச் சுற்று ஒன்று உண்டு: மிகையாக ஏறினாலும், மிகையாக இறங்கினாலும், குறுக்குச்சுற்று நேர்ந்தாலும் துண்டித்துவிடும். அதையும் ஏற்றும் சுற்றையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. முந்தைய மடல் ஒன்றில் "எல்லாப் பேட்டரியிலும்தான் சுற்று இருக்கிறதே" என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது ஐயா, ஆனால் அது காவலாளி, ஏற்றுபவர் இல்லை.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தன்னேற்றி மின்கலம், அல்லது தானேற்றி மின்கலம்

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் தானியங்கி என்றால் தானாகவே இயங்குவது என்றுதான் நம் மனம் பழகியிருக்கிறது. தானேற்றி என்றால் வெளியிலிருந்து எதுவும் வாங்காமல், வெயிலிலோ அசைவிலோ தன்னைத்தானே நிரப்பிக்கொள்வது என்று பொருள்படும். அப்படிப்பட்ட கருவிகளுக்கு இந்தச் சொல் ஒருநாள் தேவைப்படும். அதுவரை பத்திரமாக வைத்திருப்போம்.

> நேரேற்று மின்கலம். கேபிளை நேரடியாகச் செருகுகிறோம் அல்லவா?

இதை முன்வைத்த தோழியின் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் நேரேற்றம், மறையேற்றம் என்பவை மின்னூட்டத்தின் இரு வகைகள். தமிழ்நாட்டில் நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம் என்று படிப்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். நேரேற்று மின்கலம் என்று எழுதினால் அங்குள்ள மாணவர் ஒருவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். இரு பக்கத்தாருக்கும் பொதுவான சொல்லைத் தேடும்போது இது சிறிய தடை இல்லை.

வடமேற்று என்ற பரிந்துரையும் வந்தது. வடம் என்பது கேபிளுக்கு நல்ல சொல்தான், ஆனால் கண்ணுக்கு வடமேற்கு என்றே படுகிறது.

> ஏற்றிசேர் மின்கலம்

வினைத்தொகையாகச் செறிவாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தனி சார்ஜரையும் இரண்டு பேட்டரிகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஏற்றிசேர் என்பதைப் பார்த்தவுடன் "சார்ஜரோடு சேர்த்துத் தருகிறார்கள்" என்றுதான் எவரும் எண்ணுவார். நாம் சொல்லவருவதற்கு நேர்மாறான பொருள்.

> உள்ளேற்றி மின்கலம்

இதுவே என் விருப்பத்துக்கு மிக அருகில் வந்தது. தயக்கம் இரண்டு. உள் + ஏற்றி என்று நாம் சேர்த்ததை, உள்ளே + ஏற்றி என்று படிப்பவர் பிரிப்பார். உள்ளே ஏற்றி அனுப்பினார்கள் என்பதுபோல. இரண்டாவது தயக்கம் இதைவிடப் பெரியது. கேமராவுக்குள் பேட்டரி இருக்கும்போதே கேமராவின் துளையில் கேபிளைச் செருகிச் சார்ஜ் ஏற்றும் வசதி தனியாக இருக்கிறது. உள்ளேற்றம் என்றால் அதையா, இதையா?

அந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. நிக்கானின் இ.என்.-இ.எல்.15 வரிசையைப் பாருங்கள். 2010 முதல் ஒரே உருவத்தில் வருகிறது. 2018-இல் இசட் வரிசைக் கேமராக்கள் வந்தபோது, கேமராவுக்குள்ளேயே ஏற்றும் வசதி 15பி என்ற புதிய பேட்டரிக்கு இருந்தது, பழைய 15-க்கும் 15ஏ-க்கும் இல்லை. அங்கே ஏற்றும் வேலையைக் கேமரா செய்கிறது. பேட்டரியும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். நாம் பேசும் பேட்டரிக்கோ ஏறுவதற்குக் கேமராவே வேண்டாம். மேசைமேல் தனியாகக் கிடந்தாலும் ஏறும். கேமரா ஒரு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பையில் பவர்பேங்கோடு ஏறிக்கொண்டிருக்கும். படமெடுப்பவர்கள் இதை விரும்பி வாங்குவதற்கு முதன்மையான காரணம் அதுதான்.

ஆகவே நமக்கு மூன்று இடங்களைப் பிரித்துக் காட்டும் சொற்கள் வேண்டும். ஏற்றும் சுற்று வெளியே தனியாக இருப்பது, கேமரா உடலுக்குள் இருப்பது, மின்கலத்துக்குள்ளேயே இருப்பது. தமிழில் அகம், புறம் என்ற இணை இருக்கும்போது வேறெங்கே போகவேண்டும்? என் முன்மொழிவு:

புறவேற்றி: தனி சார்ஜர்.
உடலேற்றம்: கேமராவுக்குள் வைத்தே ஏற்றுவது.
அகவேற்றி மின்கலம்: தனக்குள்ளேயே ஏற்றும் சுற்றைக் கொண்டது.

அகம் + ஏற்றி என்பதில் மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும், மரம் + அடி மரவடி ஆவதுபோல. வேற்றி என்று தனியாக ஒரு சொல் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியலாம் என்று எதிர்பார்க்கிறேன். பொதுமக்களுக்கான கட்டுரைகளில் "அக ஏற்றி" என்று பிரித்தே எழுதலாம், தவறில்லை. மின் என்ற அடை இரண்டு முறை வரவேண்டியதில்லை. மின்கலத்தில் இருக்கும் மின் போதும். பேச்சிலே "சார்ஜ் ஏறுது", "சார்ஜ் ஏத்து" என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதால், ஏற்றி என்பது யாருக்கும் புதுச்சொல்லாகத் தோன்றாது. அகவேற்றி பேட்டரி என்று கலந்து சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சியே.

அகம் என்றால் எதன் அகம் என்று கேட்பீர்கள். பின்னால் வரும் பெயருக்குத்தான் அந்த அடை. அகவேற்றி மின்கலம் என்றால் மின்கலத்தின் அகம்.

அடுத்தது "மூன்றாம் தரப்பு".

> மூன்றாம் தரப்பு என்ற சொல்லும் கட்டாயம் பெயரில் வரவேண்டும்.

இங்கே நான் உறுதியாக வேறுபடுகிறேன். யார் செய்தார் என்பது பொருளின் இயல்பு ஆகாது. கேமரா நிறுவனமே நாளை இப்படி ஒன்றைச் செய்தால் பெயரை மாற்றுவோமா? தேவையான இடத்தில் "பிற நிறுவன" என்ற அடையைச் சேர்த்துக்கொள்ளலாம். பிற நிறுவன அகவேற்றி மின்கலம். மூன்றாம் தரப்பு காப்பீட்டில் நிலைத்துவிட்ட சொல், அங்கே முதல் இரு தரப்பு யாரென்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பேட்டரி வாங்கும்போது யாரும் தரப்புகளை எண்ணுவதில்லை.

இதைவிடக் கவலை தருவது, ஒரு மடலில் இவற்றைப் "போலி மின்கலம்" என்று எழுதியிருந்தது. தயவுசெய்து இதை நீக்கிவிடுவோம். கேமரா நிறுவனத்தின் சின்னத்தைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்பதுதான் போலி. தன் பெயரையே போட்டு, இந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது போலி ஆகாது. தரம் கூடலாம், குறையலாம், கேமராவின் திரையில் மீதமுள்ள விழுக்காடு சரியாகத் தெரியாமல் போகலாம், கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தபின் ஏற்க மறுக்கவும் கூடும். அதெல்லாம் வேறு குறைகள். ஏமாற்று வேறு. பேச்சில் டூப்ளிகேட் என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிட்டது. கலைச்சொல்லிலும் நாம் அதே குழப்பத்தைச் செய்யக்கூடாது. தவிரவும், சுவர்மின்சாரத்திலிருந்து கேமராவை நேரே ஓட்டுவதற்காகப் பேட்டரி அறைக்குள் வைக்கும் வெற்றுக்கட்டை ஒன்று உண்டு. உள்ளே கலமே இராது. போலி என்ற அடையை அதற்குத்தான் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

மின்கலமா, மின்கல அடுக்கா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. பள்ளிப் பாடப்படி இரண்டு கலங்கள் சேர்ந்தால் அடுக்குதான். சிறு கேமராக்களுக்கான சோனி என்.பி.-பி.எக்ஸ்.1 போன்ற 3.6 வோல்ட் பேட்டரிகளில் ஒரே கலம், அவற்றுக்கு மின்னழுத்தத்தை உயர்த்தவே வேண்டாம், குறைத்தால் போதும். ஆக நுட்ப நூலில் பிரித்தே எழுதவேண்டும். பொதுப் பெயராக மின்கலம் இரண்டையும் தாங்கும்.

ஏஏ அளவில் டைப்-சி துளையோடு வரும் லித்தியம் மின்கலங்களுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது என்பதில் எனக்குக் கூடுதல் நிறைவு. அவற்றில் ஏற்றும் சுற்றோடு, கலத்தின் மின்னழுத்தத்தை 1.5 வோல்ட்டாக இறக்கித் தரும் சுற்றும் இருக்கிறது. ஆனாலும் அகவேற்றிதான்.

அகராதிக்கான வரைவு:

அகவேற்றி மின்கலம் (பெயர்ச்சொல்). தன் உறைக்குள்ளேயே ஏற்றும் சுற்றையும் கேபிள் செருகும் துளையையும் கொண்ட, மீண்டும் மீண்டும் ஏற்றத்தக்க மின்கலம் அல்லது மின்கல அடுக்கு. காப்புச் சுற்று மட்டும் உள்ளது இவ்வகையில் சேராது.

பயன்பாட்டில் வைத்துப் பார்த்தேன்: "சுழிப்பாகைக்கு (0° செல்சியஸ்) கீழான குளிரில் அகவேற்றி மின்கலத்தை ஏற்றக்கூடாது, மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும்." "விமானப் பயணத்தில் உபரி அகவேற்றி மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லவேண்டும்." நாக்கு இடறவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. வீடியோ விளக்குகளுக்கும் திரைகளுக்கும் போடும் என்.பி.-எஃப் வரிசைப் பெரிய பேட்டரிகள் சிலவற்றில், அதே துளை வழியாக மின்சாரம் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். இருவழி அகவேற்றி என்று சொல்லிப் பார்த்தேன், ஏற்றி என்ற சொல் வெளியே கொடுப்பதைச் சுமக்கவில்லை. சுற்றுப்பலகை வடிவமைக்கும் நண்பர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். வரைவின் கடைசி வாக்கியத்தையும் இந்த இருவழிச் சிக்கலையும் பார்த்துச் சொல்லுங்கள், அதன்பிறகு பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்