பழைய அவுட்போர்டு இன்ஜின்: சிலிண்டரைக் கடைந்து போர் அடிப்பதா, புதுசு வாங்குவதா?

தொண்டி பக்கம் எங்கள் ஃபைபர் படகு. பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம். 14 வருடம் உப்புத் தண்ணீரில் உழைத்த இன்ஜின்.

மூன்று வாரமாக, கிளம்பும்போது நன்றாக ஓடி, 20 நிமிடத்தில் இழுவை செத்துவிடுகிறது. அணைத்தால் சூட்டில் மறுபடி பிடிப்பதில்லை. போன வாரம் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம், கை இன்னும் வலிக்கிறது.

பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லரும் புதுசு. தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது. அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்த்தோம்: மேல் சிலிண்டர் 110 பிஎஸ்ஐ, கீழே 70தான், தேய்ந்திருக்கும் போல. கியர் ஆயிலும் தண்ணீர் கலந்து பால் நிறம். போர் அடித்து, பெரிதான சிலிண்டருக்கு ஏற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட மெக்கானிக் 25,000 ரூபாய் கேட்கிறார், கியர் சீல் தனி.

இந்த வயது இன்ஜினுக்குப் போர் அடித்தவர்களே, அது எத்தனை வருடம் தாங்கியது?