முந்திரி பாக்கெட் எடுத்தவரை ஸ்டூலில் உட்கார வைத்தது சரியா?

வைகைக்கரை:
சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்றிருந்தேன். வாசல் செக்யூரிட்டி ஐயா, அறுபதைத் தாண்டியவர், ஒரு அம்மாவை நிறுத்தினார். கட்டைப்பையின் அடியிலிருந்து இரண்டு முந்திரி பாக்கெட், ஒரு ஷாம்பு பாட்டில். ஐந்நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். "காசு குடுத்துடறேன்" என்று அந்த அம்மா நோட்டை நீட்டினார். மேனேஜர் வாங்கவில்லை. கவுண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, போனில் படம் எடுத்து, வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் போட்டார். தயிர் வாங்க மறந்துவிட்டேன் என்று இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் போனால் அதே ஸ்டூல். முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். போலீஸைக் கூப்பிடவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்த நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மனதை அறுக்கிறது.

மளிகைக்கடை இளங்கோ:
முந்திரி பசிக்குத் திருடுற பொருளா? எனக்கு முந்திரியில நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்தான் நிக்கும். ஒரு பாக்கெட் போனா, ஒன்பது பாக்கெட் வித்தாத்தான் முதலே திரும்பும். ஸ்டேஷனுக்குப் போனா ஒரு நாள் வியாபாரம் போச்சு. படம் போட்டதால அடுத்த கடைக்காரன் உஷாராவான். அந்த மேனேஜர் அடிக்கலையே, அதுவே பெரிசு.

நைட் ஷிப்ட்:
நான் எட்டு வருஷமா செக்யூரிட்டி வேலைல இருக்கேன். பன்னிரண்டு மணி நேரம் நிக்கணும். ஸ்டாக் குறைஞ்சா எங்க சம்பளத்துல பிடிக்கிறாங்க. அதனாலதான் அந்த ஐயா கண்ணு பையிலயே இருக்கு. பிடிச்சா, "பொம்பளை பையில கை வைக்கிறியா"ன்னு கூட்டம் எங்களை அடிக்க வரும். விட்டா சம்பளம் போகும். சட்டப்படி செக்யூரிட்டிக்கு 160 மணி நேரம் பயிற்சி கொடுக்கணும். எனக்குக் கொடுத்தது ஒரு தொப்பியும் விசிலும்.

நீதிமன்ற வராண்டா:
வழக்கறிஞராகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி, திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூக சேவை. வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாத குற்றம் அது. போலீஸ் அல்லாத தனிநபர் இன்னொருவரைப் பிடித்து வைக்க, பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அனுமதிப்பது, கண்முன் நடக்கும் ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் தேவைப்படாத குற்றங்களுக்கு மட்டும். அந்த ஸ்டூலுக்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் நியாய சன்ஹிதா 127-இன்படி ஓராண்டு வரை சிறை. சிக்கப்போவது மேனேஜரும் அந்தப் பெரியவரும்.

மளிகைக்கடை இளங்கோ:
பாதி சட்டம் சொல்றீங்க சார். என் மச்சினனும் வக்கீல்தான், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அதே நியாய சன்ஹிதாவுல 305-னு ஒரு பிரிவு இருக்கு. பொருளைப் பாதுகாத்து வைக்கிற கட்டடத்துல திருடினா ஏழு வருஷம் வரைக்கும், ஜாமீனும் உரிமையாக் கேட்க முடியாது. கடை பின்ன என்ன சத்திரமா?

நீதிமன்ற வராண்டா:
நல்ல கேள்வி. 305 போட இடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த மேனேஜர் போனை எடுத்தது படம் பிடிக்க மட்டும்தான். படத்தைப் பரப்பும் உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. வைகைக்கரை, நீங்கள் 112-ஐ அழைத்திருக்கலாம். அது அந்த அம்மாவுக்கும் பாதுகாப்பு.

நைட் ஷிப்ட்:
போலீஸ் வந்தா பாதுகாப்புன்னு எப்படி சார் நம்பறது? 2025 ஜூன்ல சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயில்ல என்ன நடந்துச்சு? கார்ல வச்ச நகையைக் காணோம்னு சாமி கும்பிட வந்தவங்க புகார் கொடுத்தாங்க. விசாரிக்கக் கூட்டிட்டுப் போனது கோயில் காவலாளியை, எங்களை மாதிரி ஒரு பையனை. உயிரோட திரும்பலை. போலீஸ் அடிச்சதை ஒருத்தர் ஒளிஞ்சிருந்து போன்ல எடுத்தார். அந்த வீடியோ மதுரை ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, கேஸ் சிபிஐக்கு மாறுச்சு. அன்னைக்கு அந்த ஒருத்தரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருந்தா?

மளிகைக்கடை இளங்கோ:
அது கொலை. அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க, மனசு பதறுது. ஆனா சம்பளத்துல பிடிக்கிறது தப்பு. என் கடைல அந்தப் பழக்கம் கிடையாது.

வைகைக்கரை:
இன்று காலை செக்யூரிட்டி ஐயாவிடம் பேசினேன். ஒன்பது மணிக்குமேல் மூன்று மடங்கு காசு வாங்கிக்கொண்டுதான் அந்த அம்மாவை விட்டார்களாம். ரசீது தரவில்லை. நடுவில் தண்ணீர் கொடுத்ததற்கு ஐயாவுக்குத் திட்டு விழுந்திருக்கிறது. படத்தை அழிக்கச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இளங்கோ அண்ணே, உங்கள் குழுவிலும் அந்தப் படம் இருக்கிறதா?

மளிகைக்கடை இளங்கோ:
இருக்கு. நான் அனுப்பலை, வந்தது. என் போன்ல இப்ப அழிச்சிட்டேன். குழுவுல மத்தவங்களை அழிக்கச் சொல்ல மாட்டேன் தம்பி. போன மாசம் என் கடைல எண்ணெய் டின் போச்சு.