நட்சத்திர ஃப்ரீ ஏஜென்டுக்கு 8 ஆண்டா, 12 ஆண்டா?

கடைசி_இன்னிங்ஸ்:
எம்எல்பி (அமெரிக்க பேஸ்பால் லீக்) ஒப்பந்தங்களில் ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஃப்ரீ ஏஜென்டாக (பழைய ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்பிலும் சேரலாம் என்ற நிலையில்) வரும் 27 வயது வெளிக்கள ஆட்டக்காரரின் மதிப்பு 320 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 8 ஆண்டில் முடிக்காமல் கிளப் ஏன் 12 ஆண்டுக்கு இழுக்கிறது? 38 வயதில் ஆட்டம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஒத்திவைத்த சம்பளம், ஆப்ட்-அவுட் (ஒப்பந்தத்தின் நடுவில் ஆட்டக்காரர் விலகிக்கொள்ளும் உரிமை) இதெல்லாம் எங்கே வருகிறது?

இடதுகை_வீச்சு:
தெரிந்தேதான் செய்கிறார்கள். லக்சரி டாக்ஸுக்கு (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கிளப் கட்டும் வரி) அந்த ஆண்டு கையில் கொடுத்த சம்பளம் கணக்கில்லை. மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரிதான் கணக்கு. 8 ஆண்டென்றால் 40 மில்லியன், 12 ஆண்டென்றால் 26.67. வித்தியாசம் 13.33 மில்லியன். 2025-ல் வரம்பு 241 மில்லியன். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகத் தாண்டும் கிளப்புக்கு அடிப்படை விகிதம் 50%, அதாவது ஆண்டுக்கு 6.67 மில்லியன் வரி குறைகிறது. வரம்புக்கு மேல் 60 மில்லியனையும் தாண்டிய பகுதிக்கு இன்னொரு 60% சேரும். அங்கே இதே வித்தியாசம் 14.67 மில்லியன் ஆகிவிடும்.

ஆனால் பாரம் மறையவில்லை, பின்னால் தள்ளப்படுகிறது. 9 முதல் 12-ஆம் ஆண்டு வரை அதே 26.67 கணக்கில் உட்கார்ந்திருக்கும். வரம்பை நெருங்கவே போகாத கிளப் இப்படி நீட்டினால் அது வெறும் தவறு.

ஆப்ட்-அவுட் ஆட்டக்காரருக்கு மட்டுமே லாபம்: நன்றாக ஆடினால் போவார், அடிபட்டால் இருப்பார். அதனால் கொடுக்கும்போதே விலை வைக்க வேண்டும். மெட்ஸ் கிளப்புடன் ஹுவான் சோட்டோ செய்த 15 ஆண்டு, 765 மில்லியன் ஒப்பந்தத்தில் 2029-க்குப் பிறகு ஆப்ட்-அவுட் உண்டு. கடைசி 10 ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 4 மில்லியன் கூட்டிக் கொடுத்தால் மெட்ஸ் அதை ரத்து செய்யலாம். நான் பார்த்ததில் சுத்தமான வடிவம் இதுதான்.

வட்டிக்கணக்கு:
ஒத்திவைப்பை, டாட்ஜர்ஸ் கிளப்புடன் ஓடானி செய்த ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். 10 ஆண்டு, 700 மில்லியன். ஆண்டுக்கு 2 மில்லியன் உடனே, 68 மில்லியன் சரியாகப் பத்து ஆண்டு கழித்து, வட்டியில்லாமல். ஆண்டுக்கு 4.43% வட்டி விகிதத்தில் பின்னோக்கிக் கழித்தால் அந்த 68-இன் இன்றைய மதிப்பு சுமார் 44. உடனே தரும் 2-ஐச் சேர்த்தால் 46. டாட்ஜர்ஸ் வரிக்கணக்கில் ஏறுவது இந்த 46 சொச்சம்தான், 70 அல்ல. தலைப்புச் செய்தியின் தொகையை நம்பி இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிடவே கூடாது.

கிளப்புக்கு இது இலவசக் கடனும் அல்ல. சம்பாதித்த சீசனுக்குப் பிறகு வரும் இரண்டாவது ஜூலை 1-க்குள், ஒத்திவைத்த தொகையின் இன்றைய மதிப்பை ஒதுக்கிவைத்தாக வேண்டும்.

கடைசி_இன்னிங்ஸ்:
நன்றி, இப்போது புரிகிறது. நோ-டிரேட் உரிமைக்கும் (தன்னை வேறு கிளப்புக்கு மாற்றுவதை ஆட்டக்காரர் மறுக்கும் உரிமை) இப்படி விலை உண்டா?

இடதுகை_வீச்சு:
உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. எம்எல்பியில் 10 ஆண்டு சர்வீஸ், அதில் கடைசி 5 ஒரே கிளப்பில் என்றால் டிரேடை மறுக்கும் உரிமை தானாகவே வந்துவிடும். ஃப்ரீ ஏஜென்ட் ஆகவே 6 ஆண்டு சர்வீஸ் வேண்டும். எனவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் உரிமைக்கு முதல் 5 ஆண்டுகளில்தான் மதிப்பு.

வட்டிக்கணக்கு:
மருத்துவப் பரிசோதனையை விட்டுவிட்டீர்கள். கார்லோஸ் கொரியாவுக்கு ஜயன்ட்ஸ் கிளப்புடன் 13 ஆண்டு 350 மில்லியன், பிறகு மெட்ஸுடன் 12 ஆண்டு 315, இரண்டும் பழைய கால் காயத்தால் கைகூடவில்லை. கடைசியில் ட்வின்ஸ் கிளப் 6 ஆண்டுக்கு 200 மட்டும் உறுதி தந்தது. மேலே 4 ஆண்டு, போதுமான அளவு பேட் செய்தால் தானாக அமலாகும், மொத்தம் 270 வரை. உடம்பில் சந்தேகம் இருந்தால் ஆண்டைக் கூட்டாமல் இப்படி நிபந்தனையோடு கூட்டுங்கள்.