ரேசர் ரமோனை நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன் ரசிகன்:

வணக்கம் உறவுகளே. அமெரிக்க ரெஸ்லிங் வீரர் ஸ்காட் ஹாலைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2022 மார்ச் 14-ல் காலமானார். வயது 63. கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள், அதன்பின் ரத்தக்கட்டி நகர்ந்து மாரடைப்பு வந்துவிட்டது. ரிங்கில் அவர் போட்ட வேடத்தின் பெயரால் நமக்கெல்லாம் அவர் ரேசர் ரமோன். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. தொலைக்காட்சியோ வாடகைக் கேசட்டோ யூடியூபோ, எதில் சந்தித்திருந்தாலும் எழுதுங்கள்.

நான் சந்தித்தது கேசட்டில். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு வீடியோ கடை இருந்தது. தமிழ்ப் படம் எடுக்கப் போன அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ரெஸ்ல்மேனியா 10 கேசட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். டபிள்யூடபிள்யூஎஃப் என்ற ரெஸ்லிங் நிறுவனம் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் பெரிய நிகழ்ச்சி அது. 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன். ரேசருக்கும் ஷான் மைக்கேல்சுக்கும் ஏணிச் சண்டை. இரண்டு பேரிடமும் ஆளுக்கு ஓர் இன்டர்கான்டினென்டல் பெல்ட் (உலகப் பட்டத்துக்கு அடுத்த பட்டம்) இருந்தது, இரண்டு பேருமே தான்தான் சாம்பியன் என்றார்கள். இரண்டு பெல்ட்டையும் ரிங்குக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, ஏறி எடுப்பவனுக்கே பட்டம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சண்டையில் எல்லோரும் ஷானைத்தான் புகழ்வார்கள். ஏணி உச்சியிலிருந்து பாய்ந்தது அவர்தான், சரி. ஆனால் ரேசரை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆறடி ஏழங்குல ஆள். ஏணி எங்கே சாயும், ஷான் எங்கே விழுவார் என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்த்துத் தன் உடம்பைக் கொண்டுபோய் வைக்கிறார். கடைசியில் ஷான் கயிற்றில் சிக்கித் துடிக்க, ரேசர் ஒவ்வொரு படியாக ஏறி இரண்டு பெல்ட்டையும் கழற்றுகிறார். அவசரமே இல்லை. நான் பார்த்ததிலேயே ரிங்கில் நேரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்த ஆள் வேறு யாரும் இல்லை.

இன்டர்கான்டினென்டல் பட்டம் நான்கு முறை. டபிள்யூடபிள்யூஎஃப்பிலோ அதன் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவிலோ உலகப் பட்டம் ஒருமுறைகூட இல்லை. குடிதான் குறுக்கே நின்றது. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தோ பாயோ அண்ணன்:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள்.

என் சந்திப்பு தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தபோது. நாங்கள் தங்கிய அறையில் ஒரு மலாய் நண்பன் ரேசர் மாதிரியே நெற்றியில் ஒரு சுருள் முடியை இழுத்துவிட்டு, வாயில் பல்குச்சியோடு, கியூபாக்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவான். சார்ஜென்ட் வந்ததும் பல்குச்சி காணாமல் போய்விடும். உண்மையில் ஸ்காட் ஹால் கியூபாவும் இல்லை, மயாமியும் இல்லை. மேரிலாந்தில் பிறந்தவர், ராணுவக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த வேடத்தை அவ்வளவு நம்ப வைத்தார்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் ஏணிச் சண்டை இல்லை. 1993 மே மாதம் ரா என்ற வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோற்ற சண்டை. எதிரே ஒல்லிப் பையன் ஒருவன், அதுவரை ஒரு சண்டையிலும் ஜெயித்ததாக நமக்குக் காட்டாதவன். ரேசர் அவனைத் தூக்கிப்போட்டுத் துவைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மேலிருந்து பாய்ந்து அமுக்கிவிடுவான். ஒன்று, இரண்டு, மூன்று. ரேசர் எழுந்து நிற்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். அந்த அதிர்ச்சியை அவர் அவ்வளவு உண்மையாகக் காட்டியதால்தான் அந்தப் பையன் ஒரே இரவில் பெரிய ஆளானான். 1-2-3 கிட் என்று பெயரே வந்துவிட்டது. உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் சின்னப் பையனுக்கு இப்படி இடம் விடுவது அந்தத் தொழிலில் எளிதில் நடக்காது.

ஆனால் குடி விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. 1996-ல் டபிள்யூசிடபிள்யூ போனபோது கைநிறையச் சம்பளம். டிக்கெட் வாங்கி வந்த ஆள் மாதிரி கூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்தாரே, அந்த ஒரு நடை மொத்தத் தொழிலையும் புரட்டிப் போட்டது. ஜூலையில் பெரிய நட்சத்திரமான ஹல்க் ஹோகன் சேர்ந்து என்டபிள்யூஓ என்ற வில்லன் கூட்டணி ஆனது. எல்லாம் கையில் இருந்தது. 2002-ல் பழைய டபிள்யூடபிள்யூஎஃப் (அந்த வருஷமே டபிள்யூடபிள்யூஇ என்று பெயர் மாறியது) திரும்பக் கூப்பிட்டது. பிப்ரவரியில் வந்தார், மே மாதம் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய விமானத்தில் நடந்த குடிக்கூத்துக்குப் பிறகு வேலை போனது. எத்தனை வாய்ப்புதான் கொடுப்பார்கள்? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

செம்பவாங் தாத்தா:

எனக்கு இந்த ரேசரைத் தெரியாது. பேரன்தான் இதைப் படித்துக் காட்டினான். எங்கள் காலத்துக் குஸ்தி வேறு. கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டு, அந்தப் பக்கம் கிரேட் வேர்ல்டு, ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு என்று குஸ்தி நடக்கும் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் அப்பா சம்பள நாளில் லாரி பிடித்துக் குஸ்தி பார்க்கப் போவார். தாராசிங் முதலில் பெயர் வாங்கியது இங்கேதான், தெரியுமா? பஞ்சாபிலிருந்து பிழைக்க வந்த பையன், இங்கே பயிற்சி எடுத்து, மலாயா சாம்பியன் ஆகி, பிறகுதான் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்தார். அவரோடு மோதிய கிங்காங் என்ற குஸ்திக்காரர், மலை மாதிரி ஆள், 1970-ல் மலேசியாவில் கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில்தான் இறந்தார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

குடிக்கிறவர்களைத் திட்டுவது சுலபம் தம்பி. தளத்துக் குடியிருப்பில் கள்ளும் சம்சுவும் குடித்துப் போன நல்ல தொழிலாளிகள் எத்தனை பேர். யாரும் வேண்டுமென்று போகவில்லை.

காலாங் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே ரெஸ்லிங் பயிற்சி எடுத்தவன். 2012-லிருந்து சிங்கப்பூருக்கென்றே ஒரு ரெஸ்லிங் அமைப்பு இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. 2017-ல் டபிள்யூடபிள்யூஇ காலாங் உள்ளரங்குக்கு வந்தபோது நானும் போனேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

'எல்லாம் நடிப்புதானே' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். யார் ஜெயிப்பது என்பது முடிவு செய்ததுதான். விழுவது முடிவு செய்து விழுந்தாலும் வலிக்கும். ரிங் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன்மேல் மெல்லிய நுரை, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். முதல் மாதம் முழுக்க மல்லாந்து விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் பளாரென்று அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். ஒழுங்காக விழுந்தாலே அன்றிரவு பஸ்ஸில் முதுகைச் சாய்க்க முடியாது. எனக்கு வாரத்துக்கு ஒரு வகுப்பு. அவர்களுக்கு அந்தக் காலத்தில் இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர், நடுவில் ராத்திரி முழுக்கக் கார் ஓட்டம். வலிக்கு மாத்திரை, தூக்கத்துக்குக் குடி, எழுந்திருக்க இன்னொன்று. அந்தக் கால ரெஸ்லர்கள் ரிக் ரூட், கர்ட் ஹெனிக், டேவி பாய் ஸ்மித், பிரையன் பில்மன் இவர்களில் ஒருவரும் 45 வயதைத் தொடவில்லை. ஸ்காட் ஹால் 63 வரை இருந்ததே பெரிய விஷயம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1998-ல் அவர் நிஜமாகவே குடியில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, டபிள்யூசிடபிள்யூ அதையே கதையாக்கிவிட்டது. கையில் கோப்பையோடு தள்ளாடி வருவார், வாந்தி எடுப்பார், கூட்டம் கத்தும். பழைய பதிவுகளில் அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நோயாளியைப் படுக்கையோடு தூக்கி வந்து மேடையில் வைத்துக் காசு பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோ பாயோ அண்ணே, வாய்ப்பு கொடுத்தார்கள் என்றீர்கள். இதையும் அவர்கள்தான் கொடுத்தார்கள்.

பொங்கோல் அக்கா:

நான் ரெஸ்லிங் ரசிகை இல்லை. என் அண்ணன்தான். அவரால்தான் எனக்கு ஸ்காட் ஹாலைத் தெரியும்.

அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு விபத்தில் பக்கத்தில் நின்ற நண்பர் இறந்துபோனார். அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுவாரமே வேலைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, 'ஆம்பளை, தாங்கிக்குவான்' என்று விட்டுவிட்டோம். அப்புறம் குடி. முதலில் சனிக்கிழமை, பிறகு தினமும், பிறகு காலையில். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் அண்ணன் தன் கைபேசியில் ஒரு பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்காட் ஹால் 2011-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. 1983-ல், ரெஸ்லிங்குக்கு வருவதற்கு முன்பு, ஆர்லாண்டோவில் ஒரு கேளிக்கை விடுதிக்கு வெளியே தகராறு. எதிராளி துப்பாக்கியை எடுக்க, அதைப் பிடுங்கிச் சுட்டுவிட்டார். அந்த ஆள் இறந்துபோனார். கொலை வழக்கு போட்டார்கள், போதிய ஆதாரம் இல்லை என்று கைவிட்டார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. ஆனால் அந்த முகம் தன்னை விட்டுப் போகவே இல்லை என்றும், அன்றைக்கே யாரிடமாவது ஆலோசனைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் பேட்டியில் சொல்கிறார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது 1983. பேசியது 2011.

அண்ணன் அந்த இடத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, பட்டறையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். நண்பரின் பாதுகாப்புக் காலணி ஒன்று தன் கால் பக்கத்தில் வந்து விழுந்ததையும், அதை எடுத்து ஓரமாக வைத்ததையும் சொன்னார். அவ்வளவு வருஷமாக அந்தக் காலணி அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

தோ பாயோ அண்ணா, நீங்கள் சொன்ன கோபம் எனக்கும் இருந்தது, என் அண்ணன்மேல். ஆனால் குடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. அண்ணி பட்டது அண்ணிக்குத்தான் தெரியும்.

ஈசூன் ரசிகன்:

அக்கா, எழுதியதற்கு நன்றி. ஸ்காட் ஹாலின் கடைசிக் காலத்தில் நடந்ததை நானே சொல்கிறேன், பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

2011 ஏப்ரலில் மாசசூசெட்ஸில் ஒரு சின்னக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சியில், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ரிங்குக்கு வந்தார். காணொளி பரவிவிட்டது. டபிள்யூடபிள்யூஇ முன்னாள் வீரர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சைச் செலவைக் கொடுப்பதுண்டு, அவருக்கும் கொடுத்தது. ஒன்றும் நிலைக்கவில்லை. 2013-ல் முன்னாள் ரெஸ்லர் டயமண்ட் டல்லஸ் பேஜ் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். 1991-ல் ஸ்காட் ஹால் டயமண்ட் ஸ்டட் என்ற பெயரில் ஆடியபோது மேனேஜராகக் கூட நின்றவர் இதே பேஜ்தான். அட்லாண்டா பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இன்னொரு முன்னாள் ரெஸ்லர் ஜேக் ராபர்ட்ஸ் இருந்தார், அவரும் குடியில் சீரழிந்து வந்தவர்தான். சாப்பாடு, யோகா மாதிரிப் பயிற்சி, கண்காணிப்பு. வந்து இறங்கியபோது ஸ்காட் ஹாலால் சரியாக நடக்கவே முடியவில்லை. இடுப்பு அறுவை சிகிச்சைக்கு ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டினார்கள்.

2014 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸ். ஜேக் ராபர்ட்ஸுக்கும் அவருக்கும் ஒரே இரவில் டபிள்யூடபிள்யூஇயின் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ்பெற்ற வீரர்கள் பட்டியல்) கௌரவம். ரேசராக வந்து, மிகச் சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கினார். கெட்ட காலம் நிலைக்காது, கெட்டவன்கள் நிலைப்பார்கள் என்று முடித்தார். ரேசரின் பட்டப்பெயரே 'கெட்டவன்'தான். அரங்கமே எழுந்து நின்றது.

தோ பாயோ அண்ணன்:

பொங்கோல் தங்கச்சி, 1983 விஷயம் எனக்குச் செய்தியாகத் தெரியும். அதோடு இதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. வாய்ப்பை வீணாக்கினார் என்பதை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை, அவர் பிள்ளைகளை நினைத்தால் மாற்ற மனம் வரவில்லை. ஆனால் 'தன் தலையில் தானே மண்' என்று எழுதியதை எடுத்துவிடலாம். உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

பொங்கோல் அக்கா:

பரவாயில்லை அண்ணா. நடுவில் இரண்டு தடவை சறுக்கினார். தீபாவளிக்கு உறவுக்காரர்கள் ஊற்றிக்கொடுத்து ஒரு தடவை. இப்போது தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பாட்டிலே கிடையாது, வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரிய மகள் வாரம் ஒருமுறை வந்து அவரோடு சாப்பிடுகிறாள். அண்ணி இன்னும் வரவில்லை.

பெயர் வேண்டாம்:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். என் அப்பாவுக்கும் இதே நிலைமை. உங்கள் அண்ணனை எங்கே கூட்டிப் போனீர்கள்? மருத்துவமனை என்று சொன்னாலே அப்பா எழுந்து போய்விடுகிறார்.

பொங்கோல் அக்கா:

தம்பியோ தங்கையோ, முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள், அப்பா தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். புவாங்கோக் மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நாம்ஸ் என்பார்கள். உதவி எண் 6732 6837. வீட்டில் இருக்கிறவர்களும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்பா எப்போதிலிருந்து குடிக்கிறார், எவ்வளவு, காலையில் கை நடுங்குகிறதா, இதையெல்லாம் முன்னாலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம், மருத்துவர் துணை வேண்டும். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், முதல் தடவை நானும் கூட வருகிறேன்.