கைத்தறிச் சட்டைகள் சுருங்குகின்றன: தைக்கும் முன் துணியை எப்படி நனைப்பது?

நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை என்பதால், சென்ற அக்டோபரில் உலர்த்தும் வசதியும் சேர்ந்த, முன்புறக் கதவுள்ள 8 கிலோ வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கினோம். அதிலிருந்து என் கணவரின் கைத்தறிப் பருத்திச் சட்டைகள் சுருங்கத் தொடங்கின. 29 அங்குல நீளமிருந்த சட்டை நான்கே சலவையில் இருபத்தேழரை அங்குலமாகிவிட்டது. கையை உயர்த்தினால் வேட்டிக் கட்டு தெரிகிறது. அகலத்தில் அவ்வளவு மாற்றமில்லை. பாலியெஸ்டர் கலந்த சட்டைகளுக்கு எதுவும் ஆகவில்லை.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல் நீரும் சூடும் பட்டதும் தளர்வதால் இது நேர்கிறது என்பது தெரியும். ஆகவே வெந்நீரை விட்டு 30 டிகிரிக்கு மாறினேன். பிழியும் வேகத்தை 1200 சுற்றிலிருந்து 600க்குக் குறைத்தேன். குறைந்த சூட்டில் உலர்த்தி, சற்று ஈரமாக இருக்கும்போதே எடுத்து ஹேங்கரில் மாட்டினேன். சுருங்குவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. தலைக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுக்கும் வித்தையையும் விடவில்லை: அரை அங்குலம் நீண்டது, அடுத்த சலவையில் பழையபடியே ஆனது.

இப்போது தைக்காத 5 மீட்டர் கைத்தறித் துணி இருக்கிறது. அடுத்த வாரம் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். ஒருமுறை பச்சைத் தண்ணீரில் நனைத்தால் போதும் என்கிறார் அவர். சென்ற முறையும் அப்படித்தான் செய்தோம்.

மெஷினிலேயே துவைத்து உலர்த்தப்போகும் இந்தத் துணியை, வெட்டுவதற்கு முன் எத்தனை முறை, எந்தச் சூட்டில் நனைத்து உலர்த்த வேண்டும்?